வீதியிலிருந்து வந்த தகப்பன்

(வள்ளூரில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நடிகரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். யாரைப் பற்றி என்பதை என்னிடமே விட்டுவிட்டீர்கள். நான் 'பூ' ராமுவைப் பற்றிப் பேசுகிறேன்.

பெயரைச் சொன்னதும் முன்வரிசையில் சிலர் தலையாட்டுகிறீர்கள். பின்னால் சிலர் யார் என்று பக்கத்தில் கேட்பது தெரிகிறது. 'சூரரைப் போற்று' படத்தில் சூர்யாவுக்கு அப்பாவாக வந்தவர். இப்போது எல்லோருக்கும் முகம் நினைவுக்கு வந்திருக்கும். 'பரியேறும் பெருமாள்' படத்தில் சட்டக் கல்லூரி முதல்வர். 'நீர்ப்பறவை'யில் கடலோடித் தகப்பன். 'தங்க மீன்க'ளில் தாத்தா. ஆளைத் தெரியும், பெயர் தெரியாது என்ற நிலையில்தான் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு அவர் இருந்தார். 2022 ஜூன் 27 அன்று சென்னையில் மாரடைப்பால் காலமானார். அன்று மாலை தொலைக்காட்சியில் படத்தைக் காட்டியபோதுதான் 'அடடா, இவரா!' என்றவர்கள் எத்தனையோ பேர்.

திரையில் அவருக்குக் கிடைத்த காலம் மொத்தம் பதினான்கு ஆண்டுகள்: 2008 முதல் 2022 வரை. ஆனால் நடிகராக அவர் வாழ்ந்த காலம் அதைவிட நீண்டது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் பண்பாட்டு மேடைகளிலும் இடதுசாரி இயக்கத்தின் வீதி நாடகங்களிலும் ஆடிப் பழகியவர் அவர். கேமரா முன்னால் வந்து நின்றபோது நடுவயதைத் தொட்டிருந்தார். அதற்கு முன்னால் அவர் நடித்த எதற்கும் டிக்கெட் கிடையாது, போஸ்டர் கிடையாது, பத்திரிகையில் விமர்சனமும் கிடையாது. அந்த முதல் பாதியைப் பற்றித்தான் இன்று அதிகம் பேச விரும்புகிறேன். அதைச் சொல்ல வள்ளூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் வள்ளூர்? வீதி நாடகம் பிறந்து வளர்ந்தது சபாக்களில் இல்லை. ஆலை வாசல்களிலும் பஸ் நிறுத்தங்களிலும் குடியிருப்புகளின் முச்சந்திகளிலும்தான். இந்தப் பக்கம் எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எம்.ஆர்.எஃப்.பும், ஒரு காலத்தில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையும் பெரம்பூரில் பின்னி மில்லும், இங்கே உங்கள் ஊரில் மூன்று அலகுகளோடு 1,500 மெகாவாட் அனல் மின் நிலையம். முதல் ஷிப்ட் வெளியே வரும், இரண்டாம் ஷிப்ட் உள்ளே போகும். இடையில் கிடைக்கும் அந்த அரைமணி நேரத்தில் வாயிற்கூட்டம் நடக்கும். அந்த நேரத்தை நம்பித்தான் வீதி நாடகக்காரன் வருவான்.

வீதி நாடகம் பார்த்திராத இளைஞர்களும் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஏழெட்டுப் பேர் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை அல்லது குர்தா, அதுதான் உடையலங்காரம். ஒருவர் பறையைத் தட்டத் தொடங்குவார், இன்னொருவர் பாட்டெடுப்பார். கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டத்தையே வட்டமாக நிற்க வைத்து, நடுவில் கிடைக்கும் மண்தரையை மேடையாக்கிக்கொள்வார்கள். திரை கிடையாது, விளக்கு கிடையாது, பெரும்பாலும் மைக்கும் கிடையாது. ஒரு துண்டைத் தலையில் கட்டினால் விவசாயி, அதையே தோளில் போட்டால் பண்ணையார், இடுப்பில் இறுக்கினால் சுமைதூக்கும் தொழிலாளி. அரைமணி நேரத்தில் கதை முடிந்துவிடும். முடிந்ததும் அதே துண்டை ஏந்திக்கொண்டு வருவார்கள், பார்த்தவர்கள் சில்லறையோ நோட்டோ போடுவார்கள். போடாமலும் போவார்கள். அடுத்த முச்சந்திக்கு நடை.

நம் ஊர்ச் சாலைகளில் கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சாலை ஓரத்தில் நின்று வசனம் பேச வேண்டும். ஹாரன் அடித்தால் வசனத்தை நிறுத்தி, ஹாரன் ஓய்ந்ததும் எடுக்க வேண்டும். நாய் வட்டத்துக்குள் ஓடிவந்தால் அதையும் ஒரு பாத்திரமாக்கிக்கொள்ள வேண்டும். குடித்துவிட்டு ஒருவர் உள்ளே வந்து எதிர்க்கேள்வி கேட்டால், கோபப்படாமல், கதை கெடாமல் அவருக்குப் பதில் சொல்லி ஓரமாக உட்காரவைக்க வேண்டும். நடிகனுக்கு முன்னால் மட்டும் ஆள் இல்லை. முதுகுக்குப் பின்னாலும் ஆள் நிற்கிறது. ஆகவே முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு நடிக்க முடியாது, முதுகும் நடிக்க வேண்டும். நிற்கிற நிலையிலேயே, அவன் யார், அவன் வயது என்ன, காலையில் சாப்பிட்டானா இல்லையா என்பது தெரிய வேண்டும். எந்த நடிப்புப் பள்ளியிலும் இதைவிடக் கடுமையான பயிற்சி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்த வகை நாடகம் தமிழ்நாட்டில் வேர்பிடித்ததற்கு ஒரு வரலாறு உண்டு. வங்காளத்து நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1980-இல் சென்னைக்கு அருகில் சோழமண்டலத்தில் ஒரு பயிற்சி முகாம் நடத்தினார். படச்சட்ட மேடையை விட்டு இறங்கி, பார்ப்பவரோடு ஒரே தரையில் நின்று நடிக்கும் முறையை இங்கிருந்த இளைஞர்கள் அவரிடம் நேரில் கண்டார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பிரளயனின் சென்னைக் கலைக்குழு போன்ற குழுக்கள் ஊர் ஊராகப் போயின. எழுத்தறிவு, வரதட்சணை, தீண்டாமை, விலைவாசி, வேலைநிறுத்தம் என்று அன்றாடம் வீட்டிலும் வாசலிலும் பேசப்படுகிற எல்லாமே நாடகமாயின.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. டெல்லியை ஒட்டிய சாகிபாபாத் தொழிற்பேட்டையில், ஜண்டாபூர் என்னும் தொழிலாளர் குடியிருப்பில், 1989-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் 'ஹல்லா போல்' என்ற வீதி நாடகத்தை நடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவிலேயே அடியாட்கள் புகுந்து தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். குழுவின் தலைவர் சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் மருத்துவமனையில் இறந்தார், வயது 34. ஜனவரி 4 அன்று அவர் மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குப் போய், பாதியில் நின்ற அதே நாடகத்தை முழுவதும் நடித்து முடித்துவிட்டுத் திரும்பினார்கள். இன்றும் ஹாஷ்மியின் பிறந்தநாளான ஏப்ரல் 12-ஐ நாடு முழுவதும் வீதி நாடக நாளாகக் கொண்டாடுகிறார்கள். ராமு வந்தது இந்த மரபிலிருந்து. இதைச் சொல்லாமல் அவருடைய சினிமாப் பட்டியலை மட்டும் சொன்னால் பாதி மனிதரைத்தான் சொன்னதாகும்.

சரி, சினிமாவுக்கு வருவோம்.

ச. தமிழ்ச்செல்வன் எழுதிய 'வெயிலோடு போய்' என்ற சிறுகதையை வைத்து இயக்குநர் சசி 'பூ' படத்தை எடுத்தார். 2008 நவம்பரில் வெளிவந்தது. தமிழ்ச்செல்வனும் அதே முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் முன்னணித் தலைவர். அந்தப் படத்தில் பேனாக்காரர் என்று ஊரார் அழைக்கும் ஒரு வண்டித் தொழிலாளி வருகிறார். மகனை இன்ஜினியராக்கிப் பார்க்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கனவு. அந்தக் கனவுக்காக அவர் படும் அவமானங்களும், அந்தக் கனவுக்கு மகனும் அவனை நேசித்த பெண்ணும் கொடுக்கும் விலையும்தான் படத்தின் அடிநாதம். அந்தப் பேனாக்காரராக ராமு நடித்தார்.

படத்தின் நாயகி பார்வதி. பேச்செல்லாம் அவரைப் பற்றித்தான் இருந்தது, அது நியாயமும்கூட. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தத் தகப்பனை மறக்க முடியவில்லை. கரிசல் வெயிலில் பாரம் இழுத்துப் பழகிய ஒருவருடைய நடை எப்படி இருக்கும், பெரிய மனிதர்கள் முன்னால் அவருடைய தோள் எந்த அளவுக்கு இறங்கும், தனியாக இருக்கும்போது எந்த அளவுக்கு நிமிரும் என்பதெல்லாம் அவர் உடம்பில் இருந்தது. தொழிலாளர் நடுவில் பல காலம் நின்று நடித்தவருக்கு இதைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பனைக்காரர் செய்கிற வேலையில் பாதியை அவர் உடம்பே செய்துவிட்டது.

அந்தப் படம் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அது முதல் அவர் 'பூ' ராமு. இந்த வழக்கம் நமக்குப் புதிதில்லை. சுந்தரராஜன் 'மேஜர்' சுந்தரராஜன் ஆனது கே. பாலசந்தரின் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தால். இங்கே பக்கத்தில், பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்ட சீனிவாசன், 'கல் மணம்' நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக நடித்துத் 'தேங்காய்' சீனிவாசன் ஆனார். அந்தக் காலத்தில் நாடகமே நடிகனுக்குப் பட்டம் கொடுத்தது. சினிமாவுக்குப் போகும்போது அவன் அந்தப் பட்டத்தோடு போனான். ராமுவின் காலத்தில் அது மாறிவிட்டது. எத்தனையோ வீதி நாடகங்களில் நடித்தவருக்கு அவற்றில் ஒன்றின் பெயர்கூட ஒட்டவில்லை. ஒரே ஒரு சினிமா ஒட்டிக்கொண்டது. இதில் ராமுவின் குறை எதுவும் இல்லை. நாடகத்தை நாம் எவ்வளவு தூரம் தள்ளி வைத்துவிட்டோம் என்பதற்கு இது சாட்சி. எனக்கு இது மிகவும் வலிக்கிற விஷயம்.

அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 2012-இல் சீனு ராமசாமியின் 'நீர்ப்பறவை'. லூர்துசாமி என்ற மீனவர். கடலில் கிடைத்த ஈழத்துக் குழந்தையைத் தன் பிள்ளையாக வளர்க்கிறார். வளர்ந்த பிள்ளை குடியில் விழுகிறான், மீள்கிறான், கடலுக்குப் போகிறான், சுடப்பட்டுச் சாகிறான். அந்த உடலை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டு வாயைத் திறக்காமல் வாழ்கிற தகப்பன் ராமு. காட்டுக்குப்பத்திலிருந்தும் முகத்துவாரக்குப்பத்திலிருந்தும் வந்திருக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஆற்றில் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்து மீன் குறைந்த பிறகும் வலையை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நீங்கள். அந்தப் படத்தை ஒருமுறை பாருங்கள். கடலைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்கிற நிலையில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தெரிவார்.

2013-இல் ராம் இயக்கிய 'தங்க மீன்கள்'. ஓய்வுபெற்ற ஆசிரியர். வருமானம் நிலைக்காத மகன், மகனின் மகள் என்று எல்லோரும் அவர் நிழலில் இருக்கிறார்கள். மகனைத் திட்டவும் முடியாமல் தாங்கவும் முடியாமல் தவிக்கிற நடுத்தர வர்க்கத்துத் தகப்பன். பேனாக்காரருக்கும் லூர்துசாமிக்கும் இவருக்கும் முகம் ஒன்றுதான். ஆனால் பேனாக்காரரின் கையை இவருக்கு ஒட்டவைக்க முடியாது. உழைத்துக் காய்த்த கை வேறு, சாக்பீஸ் பிடித்த கை வேறு. அந்த வித்தியாசத்தை அவர் காட்டினார்.

2018-இல் மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்'. இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

கல்லூரியில் அவமானப்பட்டுக் கொதித்துப்போய் நிற்கும் நாயகன் பரியன் முதல்வரின் அறைக்கு வருகிறான். முதல்வரும் ஒடுக்கப்பட்ட வீட்டிலிருந்து படித்து மேலே வந்தவர்தான். தன்னையும் ஒரு காலத்தில் எப்படி விரட்டினார்கள், தான் எப்படிப் படித்தேன், அந்தப் படிப்பு தன்னை எங்கே உட்கார வைத்தது என்று அந்தப் பையனுக்குச் சொல்கிறார். எழுதிப் பார்த்தால் அது ஒரு பிரசங்கம். சற்றுத் தவறினாலும் மேடைப் பேச்சாகிப் போயிருக்கும். வீதியில் நின்று உரக்கப் பேசியே பழகிய ஒருவர், அந்தக் காட்சியில் குரலை அறையின் அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறார். பழைய காயத்தைத் திறந்து காட்டுகிறார், ஆனால் அழவில்லை. பையனின் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். மைக் இல்லாமல் முந்நூறு பேரை எட்டும் குரலை வைத்திருப்பவனால்தான் அதை இப்படி அடக்கிப் பேச முடியும் என்று நினைக்கிறேன். குரல் இல்லாதவன் மெதுவாகப் பேசுவது வேறு, இருக்கிற குரலை உள்ளே வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவது வேறு. படம் முழுவதிலும் அவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். பரியன் அதன் பிறகு நிமிர்ந்து நிற்பதற்கான பலத்தை அந்தச் சில நிமிடங்கள்தான் கொடுக்கின்றன.

அதே படத்தில் இன்னொரு மேடைக் கலைஞரும் இருக்கிறார். பரியனின் தகப்பனாக வரும் தங்கராஜ். நெல்லைப் பக்கத்தில் பல்லாண்டுகள் பெண் வேடமிட்டு ஆடிய நாட்டுப்புறக் கலைஞர். கல்லூரிக்கு மகனுக்காக வந்த அவருடைய வேட்டியை மாணவர்கள் உருவி ஓடவிடும் காட்சியை யாரால் மறக்க முடியும்? ஒரே படத்தில் இரண்டு மேடைக்காரர்கள். ஒருவர் வீதி நாடகத்திலிருந்து, ஒருவர் கூத்திலிருந்து. கதாநாயகனின் கோபத்துக்குப் பின்னால் இருக்கிற வலி முழுவதையும் இந்த இருவரும் சுமந்தார்கள். படம் ஓடியது, விருதுகள் வாங்கியது. தங்கராஜ் அதற்குப் பின்னும் காய்கறி விற்றுத்தான் பிழைத்தார். செய்தி வெளியில் வந்த பிறகு மாவட்ட நிர்வாகம் அவருக்கு உதவியது. 2023 பிப்ரவரியில் அவரும் போய்விட்டார்.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். சிறு வேடம் ஏற்கும் நடிகருக்குப் படம் ஓடினால் பங்கு வருவதில்லை. எத்தனை நாள் கால்ஷீட்டோ அத்தனை நாள் சம்பளம். படப்பிடிப்பு தள்ளிப்போனால் அவர் வேறு வேலையை ஒப்புக்கொள்ள முடியாமல் காத்திருக்க வேண்டும். தேதி மாறினால் அவருடைய நாடக நாளும் மாறும், குழுவில் மற்ற ஆறு பேரும் தவிப்பார்கள். படத்தொகுப்பில் காட்சி போய்விட்டால் கேட்க முடியாது. நாயகனுக்கு அடுத்த படம் நிச்சயம், இவருக்கு அடுத்த அழைப்பு எப்போது என்று தெரியாது. பதினான்கு ஆண்டுகளில் இவ்வளவு நல்ல வேடங்கள் செய்தவருக்கே நிலைமை இதுதான் என்றால், ஒரு படத்தில் ஒரு காட்சியில் வந்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போன இன்னொரு வழியும் சென்னையில் உண்டு. ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே ஆண்டுக்கணக்கில் உடம்பையும் குரலையும் பழக்கியவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்களைக் கவனித்தவர். உங்கள் பகுதிக் குத்துச்சண்டைக் கதையைச் சொன்ன 'சார்பட்டா பரம்பரை'யில் ரங்கன் வாத்தியாராக வந்த பசுபதியைப் பார்த்திருப்பீர்கள். குத்துச்சண்டை வளையத்துக்கு வெளியே நின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாலேயே மொத்தச் சண்டையையும் நடத்துகிறார். அது பட்டறை கொடுத்த பயிற்சி. ஆனால் பட்டறைக்கு ஒரு முகவரி உண்டு, நினைவில் வைத்துக்கொள்ள ஒரு பெயர் உண்டு, முத்துசாமிக்குப் பத்மஸ்ரீயும் வந்தது. வீதி நாடகக்காரனுக்கு முகவரி முச்சந்திதான். அங்கே யார் நடித்தார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ராமுவின் வீதி நாடகங்களின் ஒளிப்பதிவு எத்தனை பேரிடம் இருக்கிறது? அவர் சினிமாவில் நடித்ததால் அவரைப் பற்றி இன்று பேச முடிகிறது. நடிக்காமலே போனவர்களைப் பற்றிப் பேச நம்மிடம் என்ன இருக்கிறது?

அவரைத் தகப்பன் வேடத்திலேயே சினிமா அடைத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் அப்படி யோசித்ததுண்டு. வில்லத்தனமோ நகைச்சுவையோ முழுதாகக் கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை ராமுக்களைப் பார்த்திருப்போம் என்ற ஏக்கம் இருக்கிறது. ஆனாலும் தமிழ் சினிமாவின் தகப்பன்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பல காலம் அவர்கள் ஜமீன்தார்களாக, பணக்காரர்களாக, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காதலுக்குத் தடை போடுகிறவர்களாகத்தான் இருந்தார்கள். மனு எழுதுகிற தகப்பன், கடலுக்குப் போகிற தகப்பன், பாரம் இழுக்கிற தகப்பன் இவ்வளவு மரியாதையோடு திரைக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். அந்த மரியாதையில் ராமுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 'சூரரைப் போற்று' படத்தில் சோழவந்தான் ஸ்டேஷனில் ரயில் நிற்க வேண்டும் என்று ஓயாமல் மனு எழுதும் வாத்தியார் ராஜாங்கம் அவர்தான். மகனுக்கு ஆத்திரம், தகப்பனுக்கு அறவழி. இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். தகப்பன் சாகக் கிடக்கும்போது விமான டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் மகன் விமான நிலையத்தில் ஒவ்வொருவரிடமும் கையேந்துகிறான். அந்தக் காட்சியில் ராமு இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவர் அந்தத் தகப்பனை அவ்வளவு உண்மையாக நிறுத்திவைத்திருப்பதால்தான் சூர்யாவின் அழுகை நம்மை உலுக்குகிறது. எதிரே நடிக்கிறவனைப் பெரியவனாக்குவது வீதி நாடகத்துக் குணம். அங்கே தனி நாயகன் கிடையாது.

பெரிய வேடங்கள் அவருக்குத் தாமதமாகத்தான் வந்தன. 2019-இல் 'நெடுநல்வாடை'. இயக்குநர் செல்வகண்ணனோடு படித்த நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு எடுத்த படம். அதில் மகள் வீட்டுப் பேரனைக் கரையேற்றப் போராடும் கருவாத்தேவர் என்ற தாத்தா ராமு. கதையின் அச்சே அவர்தான். பிறகு லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. பழனி பக்கத்துத் தமிழ் கிராமத்தில் நடக்கும் மலையாளப் படம். மம்மூட்டி திடீரென்று சுந்தரம் என்ற, காணாமல்போன தமிழனாக மாறி ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். அந்தச் சுந்தரத்தின் தகப்பன் ராமு. அதன் பிறகு 'கிடா'. பேரனுக்குத் தீபாவளிச் சட்டை வாங்க, சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை விற்கத் திரியும் தாத்தா. முழுக் கதையும் அவர் தோளில்.

இந்தக் கடைசி இரண்டும் அவர் கண்ணை மூடிய பிறகுதான் மக்களிடம் வந்தன. அவர் இறந்து ஒரு மாதம் ஆவதற்குள், ஜூலை 22 அன்று, தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. சிறந்த படம் உட்பட ஐந்து விருதுகள் 'சூரரைப் போற்று'க்குக் கிடைத்தன. அந்த நவம்பரில் 'கிடா' கோவா சர்வதேசத் திரைப்பட விழாவின் இந்தியன் பனோரமாவுக்குப் போனது. திரையரங்குக்கு வந்தது 2023 தீபாவளிக்கு. 'கிடா'வின் நாயகனாகத் தன்னைப் பெரிய திரையில் மக்கள் பார்ப்பதை அவர் பார்க்கவில்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

மீஞ்சூர், பொன்னேரி சுற்றுப்புறக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் இன்னும் பாரதக் கூத்து நடக்கிறது. இரவு முழுவதும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனனாக ஆடுகிறவர், விடிந்ததும் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார். உங்கள் ஆலைகளில் முன்பு வாயில் நாடகம் போட்ட தோழர்கள் பலர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தெந்த நாடகத்தில் எந்தெந்த வேடம் போட்டார்கள், யாரிடம் கற்றார்கள், எந்த ஊரில் ஆடினார்கள் என்று கேட்டுப் பெயர், ஊர், ஆண்டு போட்டு எழுதி வையுங்கள். உங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது, பேச்சைப் பதிவு செய்யுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியாதவர்கள் இருந்தால் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். நலிந்த கலைஞர்களுக்கு இயல் இசை நாடக மன்றம் வழியாக மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. வயதானவர்களுக்கு அதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்றே பல நேரம் தெரிவதில்லை. படித்த பிள்ளைகள் அந்த வேலையை எடுத்துச் செய்யுங்கள்.

அடுத்த முறை உங்கள் முச்சந்தியில் பறைச் சத்தம் கேட்டு வட்டம் கூடினால், பஸ் வந்துவிட்டது என்று பாதியில் கிளம்பாதீர்கள். கடைசி வரை நின்று பாருங்கள். துண்டு உங்களிடம் வரும்போது கையில் இருப்பதைப் போடுங்கள். நடித்தவரிடம் போய் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.